ரோசன்டாலுக்கு ஒரு பலகை

டெல்மர் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தில் மனிதர்களைவிடப் பலகைகள்தான் அதிகம் என்று நான் சொன்னால் நோர்பெர்ட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் வரட்டும். எந்தச் சாலையில் போனாலும் ஓரத்தில் ஒரு கம்பமும் அதன்மேல் எழுத்து வார்த்த ஒரு பலகையும் நிற்கும். மாட்டு மந்தைகள் ஆற்றைக் கடந்த இடம் என்று ஒன்று. அந்த ஆற்றில் இப்போது தவளை நனையக்கூடத் தண்ணீர் கிடையாது. இடி விழுந்த மரம் என்று ஒன்று. மரம் போய்விட்டது, பலகை இருக்கிறது. முதல் கிணறு இருந்த இடம், முதல் பள்ளிக்கூடம் இருந்த இடம், யாரோ ஒரு படைத்தளபதி காய்ச்சலோடு படுத்திருந்த இடம். இருந்த இடம், இருந்த இடம் என்று படித்துக்கொண்டே வண்டி ஓட்டினால், நாமாவது இருக்கிறோமா என்று சந்தேகம் வந்து கையைக் கிள்ளிப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

அந்தப் பலகைகளை வைக்கும் குழுவில் நானும் ஒருத்தி. பெருமைக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் போனபிறகு பொழுது போகாமல் டவுன் அருங்காட்சியகத்தின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன். சாவி வைத்திருப்பவள் குழுவிலும் இருந்தாக வேண்டும் என்றார்கள். தலைவர் நோர்பெர்ட் ஸ்டாப். விதை வியாபாரம் பார்த்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர், மழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் இந்தக் கவுண்டிக்குத் தான்தான் கொண்டுவந்ததாக நினைப்பவர். மற்றவர்கள் கூட்டத்துக்கு வருவது கேக்குக்காக.

அந்த வருஷம் பனி உருகும் சமயத்தில் நோர்பெர்ட் ரோசன்டால் பேச்சை எடுத்தார். ரோசன்டாலில் எங்கள் பாட்டன்மார் சுண்ணாம்புக்கல் சுமந்து கட்டிய மாதா கோயில் இருக்கிறது. பூசை நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. கூரை ஒழுகுகிறது, ஆள் இல்லை, இடித்துக் கல்லை விற்றுவிடலாம் என்று ஆயர் இல்லத்தில் முடிவு செய்திருந்தார்கள். நோர்பெர்ட் போய் மன்றாடியிருக்கிறார். மாநில அரசு 'மறைந்த ஊர்கள்' என்று ஒரு வரிசையில் பலகைகள் தருகிறது. அதில் ரோசன்டால் சேர்ந்துவிட்டால் கோயில் சரித்திரச் சின்னமாகிவிடும், பிறகு கை வைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். கோடை முடிவதற்குள் பலகை நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கோயில் நிற்காது.

"பலகை வைக்கிற நெலம் பிலோமினாவோடது. அவ கையெழுத்து வேணும்" என்றார் நோர்பெர்ட். "நீ அவகூடப் படிச்சவ. போய் வாங்கிட்டு வா."

"மறைந்த ஊருங்கறீங்க. அங்க பிலோமினா குடியிருக்காளே, அவ என்ன பேயா?"

"ஒரு ஆள் இருந்தா அது ஊர் இல்ல ட்ரூடி. அது ஒரு வீடு."

எனக்குச் சுருக்கென்றது. நானும் ஒற்றை ஆள்தான், டவுனில் தானியக் கிடங்குக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில். டென்வரில் இருக்கும் என் மகன் தன் வீட்டின் கீழறையைத் துடைத்து வைத்துவிட்டு, எப்போது வருகிறாய் எப்போது வருகிறாய் என்று போனில் துளைத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் கையெழுத்துக் காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

நான் கிளம்பிய காலையில் கோயில் வானத்தில் நின்றது. எங்கள் பக்கத்தில் காற்று அசையாத குளிர்ந்த விடியல்களில் அப்படித் தெரியும். ரோசன்டால் தொடுவானத்துக்கு அந்தப் பக்கம், சாதாரணமாகக் கண்ணுக்கு எட்டாது. அப்படிப்பட்ட நாட்களில் மட்டும் கோபுரமும் கூரையும் கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளும் மேலே எழும்பி, அடியில் ஒரு பட்டை வெளிச்சம் விட்டு, தரையில் படாமல் நிற்கும். கல்யாணமாகி வந்த நாள் முதல் அடுப்படி ஜன்னலில் அதைப் பார்த்துக்கொண்டுதான் காப்பி போடுகிறேன். அன்று வண்டியை அதை நோக்கியே ஓட்டினேன். வெயில் ஏற ஏறக் கோயில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. சரளைச் சாலை முடியும் இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அது தரையில் கால் ஊன்றி, ஒழுகும் கூரையோடு, ஒன்றும் தெரியாததுபோல நின்றது.

பிலோமினா டிரைலிங் செத்துப்போன புருஷனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேலியருகே நின்றிருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். இரண்டு பேருக்குமே அப்போதும் இப்போதும் வாய் நீளம்.

"வந்துட்டாய்யா பலகைக்காரி! எங்க ஊர்ல யாரு செத்தா?"

"ஊரே செத்துப்போச்சாம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

"உள்ள வா, அடுப்புல பன்னு இருக்கு. செத்த ஊர்ல சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல."

கோயிலுக்கு எதிரே, புல்வெளிக்கு அப்பால் அவள் வீடு. நடுவில் ஒன்றும் கிடையாது, முழங்கால் உயரப் புல்லும் காற்றும்தான். நான் நேராக நடந்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணு தெரியலையா? பாயர் வீட்டு அடுப்படிக்குள்ள பூட்ஸோட நடக்கற."

"எங்கடி அடுப்படி?"

"இங்கதான். ரோட்டு வழியா வா."

ரோடு என்றால் அவள் மனசில் இருக்கும் ரோடு. புல்லுக்குள் நேராகப் போய், ஓரிடத்தில் சதுரமாகத் திரும்பி, கொஞ்ச தூரம் போய் மறுபடி திரும்பினாள். வெர்த் கடை வாசல் என்று ஓரிடத்தில் காலைத் தூக்கி ஒரு படி ஏறி இறங்கினாள். அங்கே படியும் இல்லை, கடையும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அவள் அதை விளையாட்டாகச் செய்யவில்லை. வெர்த் கடையைத் தாண்டும்போது உள்ளே யாரையோ பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுத்தான் போனாள். காற்று படுத்து எழுந்த புல்லில், நான் மட்டும் ஒரு ஊரின் சுவர்களை இடித்துக்கொண்டு நடப்பதுபோல எனக்கே கூச்சமாகிவிட்டது. அவள் பின்னாலேயே திரும்பித் திரும்பிப் போனேன்.

முட்டைக்கோசும் இறைச்சியும் வைத்துச் சுட்ட பன் இரண்டைத் தின்ற பிறகு காகிதத்தை எடுத்தேன். பலகையில் வரப்போகும் வாசகம் அதில் இருந்தது. அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தாள்.

"ரோசன்டால். ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தெட்டு முதல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்து மூணு வரை." கண்ணாடியைக் கழற்றினாள். "அம்பத்து மூணா? ஏண்டி ட்ரூடி, நான் பொறந்தது அம்பத்தஞ்சு. ஊர் செத்து ரெண்டு வருஷம் கழிச்சா எங்கம்மா என்னைப் பெத்தா? காத்துலயா தொட்டில் கட்டினா?"

"அந்த வருஷம்தான் போஸ்ட் ஆபீஸ மூடினாங்க. போஸ்ட் ஆபீஸ் மூடினா ஊர் முடிஞ்சதுன்னு கணக்கு. எல்லா ஊருக்கும் அப்படித்தான் போடறாங்க."

"தபால்காரன் வரலைன்னா நான் பொறக்கலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. காகிதத்தை மடித்து என் தட்டுக்கு அடியில் தள்ளினாள். நான் கோயில் விஷயத்தைச் சொன்னேன். கையெழுத்து இல்லையென்றால் பலகை இல்லை, பலகை இல்லையென்றால் இடிப்பார்கள் என்று ஒளிக்காமல் சொன்னேன். அவள் முகம் வெளிறிப்போயிற்று. அந்தக் கோயிலில்தான் அவளுக்கு ஞானஸ்நானம், கல்யாணம். புருஷன் இசிடோரின் சவப்பெட்டியை இறக்கி வைத்ததும் அங்கேதான். பூசை நின்ற பிறகும் தினம் நடுப்பகலில் போய் மணி அடிப்பது அவள் ஒருத்திதான்.

"எனக்குப் பயமா இருக்கு ட்ரூடி" என்றாள். "சாகறதுக்குப் பயமில்ல. நான் இருக்கும்போதே இல்லைன்னு எழுதி ரோட்டோரத்துல நட்டுட்டா, காலைல எந்திரிச்சு எங்க போறது? யாரு ஊர்ல மணி அடிக்கறது? ஆனா கோயில இடிச்சுட்டா அதவிடப் பாவம். என்னை ஏண்டி இப்படி நடுவுல மாட்டி விடறீங்க?"

அவள் எழுந்து மணி அடிக்கப் போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். புல்லுக்குள் சதுரம் சதுரமாகத் திரும்பி, வெர்த் கடைப் படியில் ஏறி இறங்கிப் போனாள். மணிச் சத்தம் வந்தபோது மாடுகள் தலை தூக்கிப் பார்த்தன.

அடுத்த வாரம் நோர்பெர்ட் தானே ரோசன்டாலுக்குப் போனார். நானும் கூடப் போனேன், அவர் ஏதாவது ஏடாகூடமாகப் பேசிவிடுவாரோ என்றுதான். பேசினார்.

"பிலோமினா, இது உணர்ச்சிவசப்படற விஷயமில்ல. எல்லா ஊருக்கும் ஒரே முறை. போஸ்ட் ஆபீஸ் தேதிதான் தேதி."

"உங்க விதைக்கடைய மூடினீங்களே, அன்னைக்கே உங்களப் பொதைச்சாங்களா?"

"அது வேற."

"எது வேற? வாங்க என்கூட. நேரா நடக்காதீங்க, ரோட்டு வழியா வாங்க!"

கோயிலுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்துக்கு எங்களைக் கூட்டிப்போனாள். புருஷனின் கல்லுக்கு முன்னால் நின்றாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் போனால் இருவருக்கும் சேர்த்துத்தான் கல் வைப்போம். இடது பக்கம் இசிடோர் டிரைலிங், பிறந்த வருஷம், இறந்த வருஷம். வலது பக்கம் பிலோமினா டிரைலிங், 1955, ஒரு சின்னக் கோடு. கோட்டுக்குப் பிறகு வெறும் கல்.

"இந்தக் கல்லுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை தவறாம வந்து நிக்கறேன்" என்றாள். "என் பேரு கல்லறையில இருக்கு. ஆனா யாரும் என்னைச் செத்தவன்னு சொல்லல. ஏன்னா கோட்டுக்கு அப்புறம் எடம் விட்டிருக்கு. எனக்கு விட்ட மரியாதைய என் ஊருக்கு விடுங்க. எழுபத்தெட்டுன்னு போட்டு ஒரு கோடு போடுங்க. அதுக்கப்புறம் ஒண்ணும் போடாதீங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

நோர்பெர்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் காலி இடத்தையே பார்த்தார்.

"என் பேரும் என் பெஞ்சாதி மார்செல்லா பேருக்குப் பக்கத்துல கல்லுல இருக்கு" என்றார், குரலே மாறிப்போய். "பனி விழுந்தா அந்தக் காலி எடத்தையும் கையால தொடச்சு விடுவேன். ஏன் தொடைக்கறேன்னு எனக்கே தெரியாது."

மனுஷன் அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகப் போயிற்று. அழவில்லை. நேராக மாநிலத் தலைநகருக்கு, பலகை தரும் அலுவலகத்துக்கு வண்டியை விட்டார். முடிவு வருஷம் இல்லாமல் மறைந்த ஊர் பலகை தர விதியில் இடமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். இவர் அந்த அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்றிருக்கிறார். கோயிலும் கல்லறையும் வந்து பாருங்கள், அந்த ஊர்க்காரி கையால் ஒரு பன் தின்று பாருங்கள், அப்புறம் மறைந்ததா இல்லையா என்று சொல்லுங்கள் என்று கத்தியிருக்கிறார். இவர் தொல்லை தாங்காமல்தான் ஒப்புக்கொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கோடை முடியும் தறுவாயில் பலகை வந்தது. சாமியார் வந்தார், சுற்றுவட்டாரத்து ஜனமெல்லாம் மடக்கு நாற்காலிகளோடு வந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, எல்லோரும் பிலோமினா பின்னால் வரிசையாகப் புல்லுக்குள் திரும்பித் திரும்பி நடந்தார்கள். துணியை விலக்கியதும் அவள் எழுத்துகளைப் படிக்கவில்லை. கோட்டுக்குப் பிறகு இருந்த வெற்றிடத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

"வழவழன்னு இருக்கு" என்றாள் என்னிடம். அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் பெஞ்சில் உட்கார்ந்த காலத்தில்கூடப் பார்த்ததில்லை. "நீயும் இங்க வந்துடேண்டி. ரெண்டு பேரு இருந்தா நோர்பெர்ட்டால வீடுன்னு சொல்ல முடியாது."

"எனக்கென்ன பைத்தியமா? ஒரு பொழுதுகூட இந்தப் பொட்டல்ல என்னால இருக்க முடியாதுடி."

இலையுதிர் காலத்தில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூச்சு வாங்கிக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நான் திரும்பி வர்ற வரைக்கும் மணிய நீ அடி."

"உனக்கு மூளை கெட்டுப்போச்சா? தினம் அவ்வளவு தூரம் யார் போறது?"

"மாடெல்லாம் எதிர்பார்க்கும் ட்ரூடி."

அவளையும் மாடுகளையும் திட்டிக்கொண்டே தினமும் வண்டி ஓட்டினேன். கயிறு கனமாக இருந்தது. இரண்டு நாளில் உள்ளங்கை கொப்புளித்தது. குளிர்காலக் கடைசியில் ஒரு நாள் மணி அடித்துவிட்டு வெளியே வந்தால் வானம் இருண்டு கண்மண் தெரியாமல் பனி கொட்டியது. வண்டி எடுக்க வழியில்லை. பிலோமினாவின் வீட்டில் அடுப்பை மூட்டி, அவள் படுக்கையில் சுருண்டேன். தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியாத ஒரு நிலையில் பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் ரொட்டி மாவு பிசைந்துகொண்டே பாட்டு முணுமுணுத்தாள். யாரோ கடையைப் பூட்டிச் சாவியை ஆட்டிக்கொண்டு போனார்கள். எனக்குப் பயமே வரவில்லை. அக்கம்பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற நிம்மதியில் அப்படியே தூங்கிப்போனேன்.

விடிந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். காற்று நின்றுபோயிருந்தது. காற்று அள்ளிக்கொண்டு போனது போக மிஞ்சிய மெல்லிய பனிக்கு அடியில் புதைந்திருந்த அஸ்திவாரக் கற்கள் மேடு தட்டி, கோடு கோடாக, சதுரம் சதுரமாகத் தெரிந்தன. ஊரே வரைந்து வைத்ததுபோலக் கிடந்தது. இரண்டு தெருக்கள், அவை சந்திக்கும் முனை, வெர்த் கடை, அதன் வாசலில் ஒரு சின்ன மேடாகப் படிக்கல். நான் முதல் நாள் பூட்ஸோடு நடந்த இடத்தில் பாயர் வீடு. பின்பக்கம் அடுப்படி, அடுப்பு இருந்த மூலைகூடத் தனியாகத் தெரிந்தது. பிலோமினா திரும்பும் இடமெல்லாம் தெரு திரும்பியது. ஓர் அடி பிசகவில்லை. வெயில் ஏறியதும் எல்லாம் கரைந்து மறுபடி வெறும் புல்லாகிவிட்டது.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னேன். "பாயர் அடுப்படி நீ சொன்ன எடத்துலதாண்டி இருக்கு."

மூச்சு இழுக்கும் நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு. "பின்ன? கதை விட்டேன்னு நெனச்சியா?"

அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. வசந்தத்தில் லைலாக் பூப்பதற்கு முன்னால் போய்விட்டாள். இசிடோர் பக்கத்தில் வைத்தோம். நான் மணி அடித்தேன். அவளைத் திட்டவும் அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

கல் கொத்துகிறவர் வந்து அவள் பெயருக்குப் பின்னால் வருஷத்தைக் கொத்திவிட்டுப் போனார். அடுத்தது பலகை என்று எல்லோருக்கும் தெரியும். வருஷம் வார்த்த ஒரு சின்னத் தகட்டைக் காலி இடத்தில் திருகாணியால் பொருத்தினால் போதும். யாரும் அவசரப்படவில்லை, கோடை வரட்டும் என்று நோர்பெர்ட் தள்ளி வைத்தார்.

கோடைக்குள் நான் டென்வருக்கு போன் செய்தேன். கீழறையில் உன் சைக்கிளை வைத்துக்கொள் என்று மகனிடம் சொன்னேன். பிலோமினாவின் தங்கை மகனிடமும் பேசினேன். அந்த வீடு யாருக்கும் வேண்டாம் அத்தை, இருக்கிற வரைக்கும் இருங்கள் என்றான்.

ஒரு நாள் நடுப்பகல் நெருங்கும் நேரத்தில் நோர்பெர்ட்டின் வண்டி சரளைச் சாலையில் தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. நான் பிலோமினா வீட்டுக் கொடியில் என் போர்வையை உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் கோயிலருகே வண்டியை நிறுத்தி, கையில் தகடு வைத்த திருகாணிப் பெட்டியோடு இறங்கி, ஏதோ யோசனையில் என்னை நோக்கி நேராகப் புல்லுக்குள் நடந்தார்.

"யோவ் நோர்பெர்ட்!" என்று கத்தினேன். "கண்ணு தெரியலையா? பாயர் வீட்டு அடுப்படிக்குள்ள பூட்ஸோட நடக்கறீரு!"

அவர் தீயை மிதித்ததுபோலப் பின்வாங்கினார். என்னைப் பார்த்தார். கொடியில் ஆடும் போர்வையைப் பார்த்தார், புகைபோக்கியைப் பார்த்தார்.

"இன்னைக்கு விடியக்காலம் இந்த ஊர் வானத்துல தெரிஞ்சுது" என்றார் மெதுவாக. "கோயிலுக்குப் பக்கத்துல ஒரு புகை. என் கண்ணுதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. பன்னு சுட்டேன். ரோட்டு வழியா வாங்க."

அவர் கையிலிருந்த பெட்டியைக் கொண்டுபோய் வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய், சதுரமாகத் திரும்பி, வெர்த் கடை வாசலில் காலைத் தூக்கி வைத்து ஏறி இறங்கினார். நான் அவருக்காகக் காத்திருக்கவில்லை. நடுப்பகலாகிவிட்டது, மணி அடிக்கப் போக வேண்டும்.